வேளாங்கண்ணிக்கு நடக்கப் போகிறேன். காலில் எதைப் போடுவது?

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

“அம்மா, எனக்கு 49 வயது. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனால் நடந்தே வருகிறேன் என்று வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். பேரனுக்கு இப்போது ஐந்து மாதம். எங்கள் தெருவிலிருந்து ஆண்டுதோறும் போகும் குழுவோடு செப்டம்பர் 4 விடியற்காலை கிளம்பி, 7ஆம் தேதி மாலைத் தேருக்குள் போய்ச் சேருவதாகத் திட்டம். கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் தவிர நான் நடந்ததில்லை. மகன் மலையேறுபவர்கள் போடும் பூட்ஸ் வாங்கித் தருகிறேன் என்கிறான். குழுவில் பாதிப் பேர் வெறுங்காலோடு நடப்பவர்கள். காலில் எதையாவது போட்டுக்கொண்டு நடந்தால் வேண்டுதல் நிறைவேறியதாகாது என்று ஓர் அக்கா சொல்கிறார். எனக்குப் பழக்கம் ரப்பர் செருப்புதான். எதைப் போடுவது? என்ன எடுத்துப் போவது? புடவையா, சுடிதாரா? வழியில் ஒதுங்க இடம் கிடைக்காது என்பதால் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாமா?”

அன்புச் சகோதரிக்கு,

பேரனுக்கு என் ஆசிகள். உங்கள் கடிதம் ஜூலை நடுவில் கிடைத்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. கும்பகோணத்தில் பிசியோதெரபிஸ்டாக இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களை நான் பார்ப்பது பெரும்பாலும் செப்டம்பர் 10க்குப் பிறகுதான். அப்போது நான் செய்யக்கூடியது கொஞ்சம். உங்களுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அது போதும்.

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லாமல், எனக்குக் கவலை தரும் வரிசையில் சொல்கிறேன்.

முதல் கவலை வெறுங்கால். வேண்டுதலைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அதை உங்கள் மனமும் நீங்கள் நம்பும் பெரியவர்களும் முடிவு செய்யுங்கள். ஆனால் நீங்கள் நேர்ந்துகொண்டது “நடந்து வருகிறேன்” என்றுதானே? “வெறுங்காலோடு வருகிறேன்” என்று நீங்கள் எழுதவில்லை. சர்க்கரை உள்ளவர் வெறுங்காலோடு 90 கிலோமீட்டர் நடக்கவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். காற்று 35 டிகிரி இருக்கும் நாளில் நண்பகல் தார்ச்சாலையின் மேற்பரப்பு 55 டிகிரியைத் தாண்டிவிடும். உணர்ச்சி உள்ள கால் அதைத் தொட்டதும் துள்ளி விலகும். சர்க்கரையால் நரம்பு மங்கிய கால் அங்கேயே நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு பெரியவர் வந்தார். வெறுங்காலோடு நடந்து, தேர் பார்த்து, பஸ்ஸில் ஊர் திரும்பி, நான்கு நாள் கழித்து மனைவி விரிப்பில் ஈரம் பார்த்துக் கேட்ட பிறகுதான் தன் குதிகாலைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். கருவேல முள் ஒன்று முழுவதுமாக உள்ளே இருந்தது. அவருக்கு வலியே தெரியவில்லை. “நடையெல்லாம் நல்லபடியாக முடிந்ததே, அம்மா” என்று அவர் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த திருப்தியை இன்றும் மறக்க முடியவில்லை. மூன்று மாதம் கட்டுப் போட்டோம். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது.

ஆகவே வேறு எதையும் வாங்குவதற்கு முன் இந்த வாரமே உங்கள் பாதங்களுக்கு உணர்ச்சிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் பத்து கிராம் அழுத்தத்தில் தொடுவார்கள். கண்ணை மூடியபடி எங்கே தொட்டார்கள் என்று நீங்கள் சொல்ல வேண்டும். அதிரும் இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைத்தும் பார்ப்பார்கள். மொத்தம் ஐந்து நிமிடம், வலிக்காது. உங்கள் மருத்துவரிடமோ தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கேட்டுப் பாருங்கள். உணர்ச்சி முழுமையாக இருந்தால் கீழே நான் எழுதியிருப்பதெல்லாம் உங்களுக்குப் பொருந்தும். குறைந்திருந்தால் இந்த ஆண்டு முழுத் தூரமும் நடக்காதீர்கள். நாகப்பட்டினம் வரை பஸ்ஸில் போய், கடைசிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரை, மருத்துவர் சம்மதித்தால், பாதத்துக்கு அளந்து, மென்மையான நுண்துளை ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்போடு மெதுவாக நடக்கலாம். அதையும் மாதா ஏற்றுக்கொள்வாள் என்று ஒரு பெண்ணாக நான் நம்புகிறேன்.

அதே மருத்துவரிடம் மாத்திரையைப் பற்றியும் கேளுங்கள். உங்கள் மாத்திரையில் உள்ள கிளிமெபிரைடு, நாள் முழுக்க நடக்கும்போது சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடலாம். நடக்கும் நாட்களில் அளவைக் குறைப்பதா, நேரத்தை மாற்றுவதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம், அப்படியே தொடரவும் வேண்டாம். கை நடுக்கம், குளிர் வியர்வை, கண் இருட்டல், காரணமில்லாத எரிச்சல் வந்தால் உடனே உட்கார்ந்து மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் இட்லியோ பிஸ்கட்டோ ஏதாவது சாப்பிடுங்கள். அந்தச் சர்க்கரைப் பொட்டலம் இடுப்புப் பையில் இருக்க வேண்டும், பின்னால் வரும் வண்டியில் அல்ல. உங்களுக்குச் சர்க்கரை இருப்பது குழுவில் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

இப்போது காலணி.

மகனிடம் சொல்லுங்கள்: அவருடைய அன்பு பெரியது, அந்த பூட்ஸ் இந்தச் சாலைக்கு வேண்டாம். அது கல்லும் சரிவும் உள்ள மலைப்பாதையில் கணுக்காலைப் பிடித்துக்கொள்ளச் செய்தது. சாலியமங்கலத்துக்கும் அம்மாப்பேட்டைக்கும் இடையில் ஏறி இறங்க ஒரு பாலத்தைத் தவிர என்ன இருக்கிறது? கனமும் ஒரு தடை. காலில் ஏறும் ஒரு கிலோ, முதுகில் ஏறும் ஐந்து கிலோ அளவுக்குக் களைப்பைத் தரும் என்பது நெடுந்தூரம் நடப்பவர்களின் பழைய கணக்கு. ஈரம் புகாத பூட்ஸ் என்று விற்பதும் நமக்கு உதவாது. செப்டம்பர் தொடக்கத்தில் இங்கே பகலெல்லாம் புழுக்கம், சாயங்காலம் இடிமழை. மழைநீர் கணுக்கால் வழியாக உள்ளே இறங்கும். உள்ளே போனது வெளியே வராது. வெயில் நாளில் உங்கள் வியர்வையே குளமாக நிற்கும்.

நம் சமவெளியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு: மேடு பள்ளம் இல்லை, எனவே நடப்பது எளிது. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஓர் அடி சுமார் 65 சென்டிமீட்டர் என்றால் 90 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 லட்சத்து 40 ஆயிரம் அடிகள். ஒவ்வொரு காலுக்கும் எழுபதாயிரம். மலைப்பாதையில் ஒவ்வோர் அடியும் வேறு மாதிரி விழும். சுமை பாதத்தில் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நம் சாலையில் எழுபதாயிரம் அடியும் ஒரே மாதிரி விழும், காலணியின் ஒரே தையல் தோலின் ஒரே புள்ளியில் எழுபதாயிரம் முறை தேய்க்கும். தையல்காரர் நீங்கள், ஒரே இடத்தில் ஊசி மறுபடி மறுபடி இறங்கினால் துணி என்னவாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வாங்க வேண்டியது, மேல்பகுதி வலைத்துணியால் ஆன, எடை குறைந்த ஓட்டக் காலணி. அதாவது கடையில் ‘ரன்னிங் ஷூ’ என்று கேட்டால் தருவது. மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுக்க மிஷின் மிதித்த பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும். நடையின் இரண்டாம் நாள் அது அப்படித்தான் இருக்கப் போகிறது. நடக்கும்போது போடப் போகும் காலுறையோடு போட்டுப் பாருங்கள். நிற்கும் நிலையில் மிக நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். சிலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம், கவனியுங்கள். குதிகால் வழுக்கக் கூடாது. “இரண்டு நாள் போட்டால் தளர்ந்துவிடும்” என்று கடைக்காரர் சொன்னால் அந்த ஜோடி வேண்டாம். அளவு எண்ணை நம்பாதீர்கள். வழக்கமாகப் போடுவதைவிட அரை அளவோ ஓர் அளவோ பெரிதாகத்தான் அமையும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

உங்கள் ரப்பர் செருப்பை வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பின்பட்டை இல்லாத செருப்பு நழுவாமல் இருக்க, ஒவ்வோர் அடியிலும் விரல்கள் அதைக் கவ்விப் பிடிக்கின்றன. கடைத்தெருவுக்குப் போய் வரும்போது அது தெரியாது. இருபது கிலோமீட்டரில் பாதத்தின் அடித்தசை கல்லாக இறுகும். விரலிடுக்கில் வார் அறுக்கும். இரண்டாவது ஜோடியாகப் பின்பட்டை உள்ள சாண்டல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்து சாலையோரம் சேறாகும்போதும், தங்குமிடத்தில் மாலை நேரத்திலும் அது போதும். தங்குமிடத்துக்குள்ளும், இரவில் எழுந்து போகும்போதும் வெறுங்கால் வேண்டாம்.

காலுறை விஷயத்தில் பருத்தியே நல்லது என்ற நம் பழக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே ஒட்டிக்கொள்ளும். ஈரத் தோல் சீக்கிரம் உரியும். விளையாட்டுப் பொருள் கடைகளில் பாலியஸ்டர், நைலான் கலந்த மெல்லிய காலுறைகள் கிடைக்கும். மூன்று ஜோடி வாங்குங்கள். மகன் எதையாவது வாங்கித் தந்தே ஆக வேண்டும் என்றால் இதை வாங்கித் தரட்டும். ஒன்று காலில், ஒன்று பையில், ஒன்று பையின் மேல் காய்ந்துகொண்டு. நண்பகல் ஓய்வில் கட்டாயம் மாற்றுங்கள்.

விரலிடுக்கில் சேற்றுப்புண் இருக்கிறதா என்று இன்றே விரித்துப் பாருங்கள். நம் பகுதியில் அதை ஒரு நோயாகவே யாரும் எண்ணுவதில்லை. நான்கு நாள் வியர்வையில் அது பிளந்து, கிருமி உள்ளே போக வாசல் திறந்துவிடும். மருத்துவரிடம் காட்டிப் பூசும் மருந்து வாங்கி இப்போதே ஆற்றிவிடுங்கள். சில வாரம் ஆகும். நகத்தை நேராக வெட்டுங்கள், கிளம்புவதற்கு நான்கைந்து நாள் முன்பு. முந்தைய இரவு அவசரமாக வெட்டிச் சதையில் பட்டு, அந்தக் காயத்தோடு கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி, இந்தக் கடிதத்தில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் எதை வைக்க வேண்டுமோ அதற்கு வருகிறேன்.

கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் ஓர் இடம் சுடும். ஊசிமுனை அளவு சூடு. மிளகாய் பட்டது போலக் காந்தும். அந்த நேரத்தில் நின்று, காலணியைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, அந்த இடத்தில் ஒரு துண்டுக் காகிதப் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். மருந்துக் கடையில் ‘மைக்ரோபோர்’ என்று கேளுங்கள். ஒரு சுருள் நான்கு நாளுக்கும் போதும். பாலைவனங்களில் சுமார் 250 கிலோமீட்டர் ஓடுபவர்களிடம் இதே பிளாஸ்திரியை ஒட்டிப் பார்த்த ஆய்வு 2016இல் வெளியானது. ஒட்டிய இடங்களில் கொப்புளம் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. மலிவான பொருள். ஆனால் அதை ஒட்ட ஐந்து நிமிடம் நிற்க வேண்டும்.

அந்த ஐந்து நிமிடம்தான் யாருக்கும் மனம் வராதது. குழு பாடிக்கொண்டு போகிறது, முன்னால் கொடி போகிறது, நாம் ஒருவர் நின்றால் பதின்மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதுவும் பெண்கள். வீட்டில் தனக்காக ஒரு நிமிடம் உட்காராமல் பழகியவர்கள், சாலையில் “எனக்குக் கால் சுடுகிறது, நில்லுங்கள்” என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். அடுத்த ஊர் மூன்று கிலோமீட்டர். அதாவது அந்தக் காலுக்கு இன்னும் 2,300 அடி. சூடாக இருந்தது அங்கே போய்ச் சேரும்போது நீர் கோத்திருக்கும். கொப்புளம் வந்ததும் நடை சாயும். நடை சாய்ந்ததும் முழங்கால் வலிக்கும். முழங்காலுக்கு ஒரு வலிமாத்திரை. என்னிடம் முழங்காலைக் காட்ட வந்த எத்தனையோ பேரின் கதை இப்படிச் சுண்டுவிரலில் தொடங்கியது.

எனவே கிளம்புமுன்பே குழுத் தலைவரிடம் பேசிவிடுங்கள்: ஐம்பது நிமிட நடைக்குப் பத்து நிமிட ஓய்வு, எல்லோருக்கும். அந்தப் பத்து நிமிடமும் காலணி கழற்றி, கால் இரண்டையும் பையின் மேல் உயர்த்தி வைத்து, பாதத்தை ஒரு சிறு கண்ணாடியில் பார்க்க வேண்டும். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தால் முணுமுணுக்காதீர்கள். உட்கார்ந்து காலைப் பாருங்கள். அடுத்த ஓய்வுக்கு முன்பே சுட்டால் உங்களோடு ஒருவரை நிறுத்திக்கொண்டு நில்லுங்கள், குழு மெதுவாகப் போகட்டும். வேகத்தைக் குழுவில் மிக மெதுவாக நடப்பவர் தீர்மானிக்க வேண்டும்.

கொப்புளம் வந்தேவிட்டால், சர்க்கரை உள்ள நீங்கள் அதைக் குத்தவே கூடாது. சிலர் ஊசி நூலைக் கோத்து உள்ளேயே விட்டுவிடுவார்கள்; நீர் வடியும் என்பது உண்மை, அதே நூல் வழியாகக் கிருமி உள்ளே போகும் என்பதும் உண்மை. கொப்புளத்தைச் சுற்றி வளையமாகப் பஞ்சு வைத்து, அதன்மேல் அழுத்தம் படாமல் கட்டி, வழியில் உள்ள மருத்துவ முகாமிலோ அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். வலிமாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். உடலில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போன்றவை சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும். வலி தாங்கவில்லை என்றால் அன்றைய நடை அத்தோடு முடிந்தது என்று பொருள்.

தண்ணீரைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை எழுத நீங்கள் தயங்கியிருப்பீர்கள், எழுதியதற்கு நன்றி. பெண்கள் ஒவ்வொரு முறையும் செய்வது இது, யாரும் வெளியே சொல்வதில்லை. குறைக்கவே கூடாது. சிறுநீர்த் தொற்று, மயக்கம், வெப்பத் தாக்குதல் மூன்றும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன. சர்க்கரை உள்ளவருக்கு முதலாவது இன்னும் எளிதாக வரும். வழி வேறு: ஒதுங்கும் இடங்களை முன்கூட்டித் திட்டமிடுங்கள். பெட்ரோல் பங்க், பஸ் நிலையம், ரயில் நிலையம், கல்யாண மண்டபம் ஆகியவற்றை ஏற்கெனவே நடந்த அக்காக்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வழியில் நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர் எல்லாவற்றிலும் ரயில் நிலையம் இருக்கிறது. இருட்டில் போக வேண்டியிருந்தால் இருவராகப் போங்கள், டார்ச்சோடு. வாய்க்கால் கரையில் புல்லுக்குள் கால் வைக்குமுன் தரையைத் தட்டுங்கள்.

எவ்வளவு குடிப்பது? தாகம் எடுக்கும்போதெல்லாம், இரண்டு மூன்று வாயாக. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர்ந்த மஞ்சளாக இருந்தால் போதவில்லை. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்துதான். வியர்வையில் போன உப்பு திரும்ப வராமல் தலைவலியும் குமட்டலும் வரும். உப்புப் போட்ட நீர்மோரைப் போல நமக்கு ஏற்றது வேறில்லை. வழியெங்கும் பந்தல்களில் கொடுப்பார்கள். அதிகம் வியர்த்த நாளில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்த ஓ.ஆர்.எஸ். பொடியைக் கரைத்துக் குடிக்கலாம். பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர், குறையவும் வேண்டாம், கூடவும் வேண்டாம். அதில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்களில் இதைவிடப் பல மடங்கு சர்க்கரை இருக்கும். அவை உங்களுக்கு வேண்டாம். அன்னதானத்தில் சாம்பார் சாதமும் பொங்கலும் மாறி மாறி வரும். பாதி வயிற்றுக்கு வாங்கிக்கொண்டு, சுண்டல் கிடைத்தால் கூடுதலாக வாங்குங்கள்.

உடை: புடவைதான் வேண்டும் என்றால் தடையில்லை. ஆனால் பாவாடை நாடா இடுப்பை அறுக்கும். நாடாவை எடுத்துவிட்டு அகலமான எலாஸ்டிக் தைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு அரை மணி நேர வேலை. என் பரிந்துரை காவி நிறத்தில் தளர்வான சுடிதார். எதை உடுத்தினாலும் உள்ளே முழங்கால் அளவு இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கொப்புளத்தைப் போலவே தொடை உராய்வும் பலரை நிறுத்தும். அதையும் வெட்கத்தால் யாரும் சொல்வதில்லை. தொடையிலும் அக்குளிலும் காலையில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை வாஸலின் தடவுங்கள். டால்கம் பவுடர் வேண்டாம், வியர்வையில் கட்டி கட்டியாகத் திரண்டு இன்னும் தேய்க்கும்.

சுமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படுக்கையும் மாற்றுத் துணியும் வண்டியில் போகட்டும். உங்களிடம் இருக்க வேண்டியது ஓர் இடுப்புப் பை, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு குடை. பையில் மாத்திரை, மருந்துச் சீட்டின் நகல், சர்க்கரைப் பொட்டலம், ஓ.ஆர்.எஸ்., பிளாஸ்திரி, சின்னக் கத்தரிக்கோல், கண்ணாடி, ஒரு ஜோடிக் காலுறை, வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய அட்டை. குடையை அலட்சியம் செய்யாதீர்கள். மழைக்கோட்டு போட்டால் நம் புழுக்கத்தில் உள்ளேயே அவிந்துவிடுவோம். குடை வெயிலுக்கு நிழல், மழைக்கு மறைப்பு, நாய்க்குக் கம்பு. இடி மின்னல் அருகில் இருந்தால் மட்டும் மடக்கிவிட்டு ஒரு கட்டடத்துக்குள் போய்விடுங்கள், மரத்தடிக்கு அல்ல.

நேரம்: அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்கு நிறுத்துங்கள். மாலை நான்கு மணிக்குத் தொடங்கி எட்டுக்குள் முடியுங்கள். நண்பகலில் யார் நடந்தாலும் நீங்கள் நடக்க வேண்டாம். கூட வருபவர் யாராவது வியர்வை நின்று, தோல் கொதித்து, பேச்சுக் குழறினால் அது வெறும் களைப்பு அல்ல. நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். இருட்டில் நடக்கும்போது எதிரே வரும் வண்டியைப் பார்க்கும்படி சாலையின் வலப்பக்கம், வரிசையாக. முதுகில் ஒளிரும் பட்டை, முன்னும் பின்னும் ஒவ்வொருவர் கையில் டார்ச். அது குறுவை அறுவடைக் காலம். நெல் லாரிகள் இரவெல்லாம் ஓடும். தார்ச்சாலையின் ஓரம் மழைநீர் வடியச் சரிந்திருக்கும், அதிலேயே நடந்தால் ஒரு முழங்காலின் வெளிப்புறம் மட்டும் வலிக்கும். பகல் வெளிச்சத்தில் இடம் இருக்கும்போது சமமான மண்பாதைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் உடம்புக்குப் பழக வேண்டும். பரிசோதனை முடிந்து காலணி வாங்கிய மறுநாள் காலையே, பழைய செருப்போடு அல்ல, புதுக் காலணியோடு, புது ஆற்றங்கரையில் (கல்லணைக் கால்வாய்க் கரையில்) மூன்று கிலோமீட்டர் நடந்து தொடங்குங்கள். வாரத்தில் நான்கு நாள் இப்படிச் சிறிய நடை, ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட நடை. அந்த ஞாயிறு நடை ஆறு, ஒன்பது, பன்னிரண்டு என்று கூடட்டும். நான்காம் வாரம் மறுபடி எட்டுக்கு இறங்கி உடம்பை ஆறவிட்டு, பிறகு பதினைந்து. ஆகஸ்ட் 20ஐ ஒட்டிய சனிக்கிழமை பதினெட்டு, மறுநாளே பன்னிரண்டு. அந்த இரண்டாம் நாள்தான் உண்மையான பரிசோதனை; களைத்த காலோடு காலையில் எழுந்து நடப்பது எப்படி என்று அது சொல்லிவிடும். நடைக்கு முன்னும் பின்னும் சர்க்கரை பார்த்து எழுதி வையுங்கள், மாத்திரையைப் பற்றி மருத்துவர் முடிவெடுக்க அந்தக் காகிதம் உதவும். அதற்குப் பிறகு கிளம்பும் நாள்வரை மூன்று நான்கு கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். பதினெட்டு முடியாவிட்டால் வருத்தப்படாமல் எனக்கு எழுதுங்கள். நீடாமங்கலத்திலோ திருவாரூரிலோ குழுவோடு சேர்ந்துகொள்வதைப் பற்றி யோசிப்போம்.

ஒன்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டிருப்பீர்கள். வேளாங்கண்ணியில் மணல் பாதையில் முழங்காலால் நகர்ந்து போவார்கள். அக்காக்கள் உங்களையும் கூப்பிடுவார்கள். நான்கு நாள் நடந்த முழங்காலும் சர்க்கரையும் சேர்ந்த உங்களுக்கு அது வேண்டாம். மணலில் தோல் சிராய்ந்தால் ஆற நாளாகும். பாதையோரமாக அவர்களோடு காலணி போட்டு நடந்து வாருங்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் வாருங்கள், காலைத் தொங்கவிட்டபடி தூங்காமல் கணுக்காலை அசைத்துக்கொண்டே. வீடு வந்த பிறகும் பத்து நாள் காலையும் இரவும் இரண்டு பாதங்களையும் விரலிடுக்கு உட்படப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று நாளில் மூடாத எந்தப் புண்ணும், சிவந்து சுடும் எந்த இடமும் மருத்துவர் பார்க்க வேண்டியது. என்னிடம் வருவதானால் அந்தக் காலணியையும் கழுவாமல் எடுத்து வாருங்கள். அதன் அடி எங்கே தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தால், அடுத்த ஆண்டுக்கு எதை மாற்ற வேண்டும் என்று என்னால் சொல்ல முடியும்.